ஆளுக்கு ஒரு மிட்டாய்

அந்த வருஷம் வங்கடை மீன் அளவில்லாமல் வந்தது. காலை ஐந்து மணிக்குப் படகுகள் கரை சேரும். ஆறு மணிக்கெல்லாம் எங்கள் கருவாட்டுக் கொட்டகை வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் ஒன்பது பெண்கள். மீனைக் கீறி விரித்து, குடலை வழித்து, உப்புத் தண்ணீரில் நனைத்து, வலைத்தட்டில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். ஜப்பான் கடலோரத்தில் எங்கள் குரோசே துறைமுகத்தில் அக்டோபர் வெயிலை நம்பி ஒரு கைக்குட்டையைக்கூடக் காயப்போட முடியாது. பத்து நிமிஷம் வெயில் அடித்தால் இருபது நிமிஷம் தூறும். தட்டுகளை வெளியே தூக்கி, உள்ளே தூக்கி, மறுபடி வெளியே தூக்கி, சாயங்காலத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும்.

என் பலகைக்குப் பக்கத்துப் பலகை ஷிகெனோ அக்காவுடையது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். ஒருநாள் அவள் கையிலிருந்து இரண்டாவது தடவையாகக் கத்தி நழுவி விழுந்தது.

"கை ரொம்ப வலிக்குதாக்கா?" என்றேன்.

"கைக்கு ஒண்ணுமில்ல. கத்திக்குத்தான் வயசாயிடுச்சு."

விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கியிருந்தன. உப்புத் தண்ணீரும் குளிரும் சேர்ந்து செய்த வேலை. அறுபத்தெட்டு வயது அவளுக்கு. புருஷன் இறந்து பதினோரு வருஷம். வீட்டில் அவளும் மகன் மினோருவும் மட்டும்.

"ஃபுமியே, நேத்து நாகாமி வீட்டுக்கு வந்தாரு."

"ஐஸ் கிடங்கு நாகாமியா? எதுக்கு?"

"வருஷா வருஷம் ஆடற ஹிரோத்தாவுக்குக் கணுக்கால் முறிஞ்சு போச்சாம். இந்த வருஷம் எபிசு ஆட ஆள் இல்ல. மினோருவ ஆட விடுவியான்னு கேட்டாரு."

நான் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாகாமி குழுவின் ககுரா கூத்து நடக்கும். எத்தனையோ ஆட்டங்கள் இருந்தாலும், மீன்பிடிக்கிறவர்கள் ஊரில் எபிசு சாமி ஆடாமல் திருவிழா முடியாது. சிரித்த முகமூடி, தூண்டில், இடுப்பில் ஒரு கூடை. சாமி பாறையில் உட்கார்ந்து, கூடையிலிருந்து மிட்டாயைக் கூட்டத்தின் மேல் இறைக்கும், அதுதான் இரை. கடைசியில் தூண்டிலில் காகிதத்தால் செய்த சிவப்புச் சங்கரா மீன் மாட்டும். ஊரே கைதட்டும். அடுத்த வருஷத்துக்கு மீன் உறுதி.

மினோருவுக்கு முப்பத்தேழு வயது. பிறந்ததிலிருந்தே அவன் புத்தி தனிப் பாதையில் போகிறது. நான்கு வயதில்தான் பேசினான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து ஆட்களின் பெயரை மட்டும் மறந்ததே இல்லை. எந்தப் படகு, எந்த வீடு, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் சொல்வான். எழுதப் படிக்க வராது, காலணிக் கயிறு கட்ட வராது. மேட்டில் இருக்கும் வேலைக்கூடத்துக்குத் தினமும் வேனில் போகிறான். அவனைப்போன்ற பதினாறு பேர் அங்கே மூங்கில் வளையத்தில் காகிதம் ஒட்டி, கூத்தில் வரும் பாம்பின் உடலைச் செய்கிறார்கள். வெளி மாவட்டக் கூத்துக் குழுக்கள்கூட அங்கிருந்துதான் வாங்குகின்றன. வியாழக்கிழமை பசையைக் கழுவி வைத்துவிட்டு ஆட்டப் பயிற்சி.

கற்றுக்கொடுக்கிறவர் கன்பே. ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர், முழங்கால் போனபிறகு வாத்தியாராகிவிட்டார். வாயால் சொன்னால் மினோருவுக்கு ஏறாது என்று கண்டுபிடித்து, பின்னால் நின்று அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார். இரண்டு வருஷம் பிடித்தது. மூன்றாம் வருஷம் ஒருநாள் கச்சையை விட்டார். மினோருவுக்கு அது தெரியவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தான். அன்றைக்குக் கன்பே வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்ததை நானே பார்த்தேன்.

"நல்ல சேதிதானேக்கா. ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"மிட்டாய்தான்டி வம்பு," என்றாள்.

எனக்குப் புரிந்தது. வேலைக்கூடத்து நிகழ்ச்சியில் மினோரு மிட்டாயை இறைப்பதில்லை. ஒவ்வொரு ஆளாகப் பார்த்து, பெயர் சொல்லி, ஆளுக்கு ஒன்று போடுவான். முப்பது நாற்பது பேர் வரும் இடத்தில் அது வேடிக்கை. திருவிழாவுக்கு முந்நூறு பேர் வருவார்கள்.

"நாகாமி தெளிவா சொல்லிட்டாரு. வலது பக்கம் ரெண்டு பிடி, இடது பக்கம் ரெண்டு பிடி, நடுவுல ஒரு பிடி. வாயத் திறக்கக் கூடாது. எபிசு பேசற சாமி இல்ல. அடுத்த புதன்கிழமை ஒத்திகை. சரியா வந்தா ஆடலாம், வரலன்னா இந்த வருஷம் எபிசுவே வேண்டாம்னாரு."

"அவ்வளவுதானே? பழக்கிடலாம்."

ஷிகெனோ மூன்று மீன் கீறினாள். அப்புறம் இன்னொரு விஷயத்தையும் சொன்னாள். மினோருவுக்குத் தங்கை ஒருத்தி, சிக்காகோ என்று பெயர், ஹிரோஷிமாவிலிருந்து போன் பண்ணியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு அரைமணி தூரத்தில், இவனைப்போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் மினோருவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவும் வந்து தன்னோடு இருக்கலாம் என்கிறாள். திருவிழா அன்றைக்கே விடுதிக் காகிதங்களோடு வருகிறாள்.

"அவ சொல்றதும் தப்பில்லடி. இந்தக் கையோட நான் இன்னும் எத்தன நாள்? நான் போனப்புறம் இந்த ஊர்ல அவனுக்கு யாரு? வேன் ஜன்னல்ல தெரியற ஒரு மூஞ்சி, அவ்வளவுதான். அதனால நானும் சொல்லிட்டேன். திருவிழாவுல இந்த ஊரு அவனுக்கு ஒரு இடம் குடுத்தா நாங்க இங்கதான் இருப்போம். குடுக்கலன்னா அங்கயே கையெழுத்துப் போடறேன்னு."

"பந்தயமா கட்டின?"

"ஆமா. கட்டிட்டேன். ஜெயிக்காம விடப்போறதில்ல."

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். புருஷன் செத்த மூன்றாம் நாள் பலகைக்கு வந்து நின்றவள்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் கொட்டகையிலேயே பயிற்சி. நாலு மணிக்கு வேன் மினோருவை எங்கள் வாசலில் இறக்கிவிடும். நாங்கள் ஒன்பது பேரும் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவோம். ஏப்ரன் எல்லாம் செதில். கன்பேயும் வந்துவிடுவார். மினோருவின் இடுப்பில் கூடையைக் கட்டி, அதில் மிட்டாயைக் கொட்டி, "பிடி பிடியா எடுத்து வீசு" என்போம்.

மினோரு ஒரு மிட்டாயை எடுப்பான். என்னைப் பார்ப்பான்.

"கோத்தோபுகி படகு வீடு. ஃபுமியே அத்தை. ஒண்ணு."

"ஐயோ ராசா, பேர் வேண்டாம். கை நிறைய எடு. இப்படி வீசு," என்று ஷிகெனோ வீசிக்காட்டுவாள். மிட்டாய்கள் உருளும். நாங்கள் வேண்டுமென்றே விழுந்து பொறுக்குவோம். மினோரு வந்து ஒவ்வொருத்தியின் கையையும் விரித்துப் பார்ப்பான்.

"அத்தை கிட்ட நாலு. யோஷினோ அத்தை கிட்ட ஒண்ணும் இல்ல."

"பரவாயில்லப்பா, எனக்குச் சர்க்கரை வியாதி," என்பாள் யோஷினோ.

"ஒண்ணும் இல்ல," என்று மறுபடி சொல்வான். என்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தபிறகுதான் அவன் முகம் தெளியும்.

தந்திரமும் செய்து பார்த்தோம். ஐந்தைந்தாகச் சின்னப் பையில் கட்டி, "இதுதான் ஒண்ணு" என்றேன் நான். பையைத் தடவிப் பார்த்தான். முடிச்சை அவிழ்த்தான். ஐந்தையும் பலகையில் வரிசையாக வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள். ஏலத்தில் அழுகல் மீனைத் தள்ளிவிடப் பார்த்தவளாகக் கூசிப்போனேன்.

"ஃபுமியே, நீ இவன்கிட்ட தோத்துட்ட," என்று எல்லோரும் சிரித்தார்கள். கன்பே மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் ஆட்டத்துல ஒரு குறை சொல்ல முடியாது. தூண்டில் வீசறப்ப தோள் இறங்குது பாருங்க, அது எனக்கே வராது. இத மாத்தறேன்னு போய் அதையும் கெடுத்துடாதீங்க," என்றார்.

"அப்ப நாகாமி கிட்ட என்ன சொல்றது?"

"அது எனக்குத் தெரியல, அக்கா."

புதன்கிழமை ஒத்திகையில் நினைத்ததுதான் நடந்தது. கோயில் மண்டபத்தில் குழுவினர் எட்டுப் பேர். நாகாமிதான் குழுத்தலைவர், பெரிய மேளமும் அவர்தான். மினோரு ஆடினான். அந்தச் சிடுமூஞ்சி மனிதர் மேளத்தின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டே அடித்தார். பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் மிட்டாய் வந்தது. எட்டுப் பேருக்கும் பெயர் சொல்லி ஒவ்வொன்று.

நாகாமி குச்சியைக் கீழே வைத்தார்.

"ஷிகெனோ, ஆட்டம் அருமை. ஆனா இது நடக்காது."

"மேளத்தக் கொஞ்சம் நீட்டி வாசிச்சா என்ன அண்ணே? ஆட்டக்காரனுக்குத்தானே மேளம்?"

"எவ்வளவு நீட்டறது? முந்நூறு பேர். எனக்கு எழுபது வயசு. இது உங்க மேட்டு நிகழ்ச்சி இல்ல, கோயில் காரியம்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எபிசு சாமியே யாரு அண்ணே? பிறந்து மூணு வருஷமாகியும் எழுந்து நிக்கலன்னு பெத்தவங்களே நாணல் படகுல வச்சுக் கடல்ல விட்ட பிள்ளை. கரை ஒதுங்கினப்ப தூக்கி வச்சுக் கும்பிட்டது நம்மள மாதிரி மீன்காரங்க. கோயில் காரியம்னு எங்களுக்குச் சொல்றீங்களா?"

நாகாமிக்குக் காது சிவந்தது. கொஞ்ச நேரம் மேளத் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வழி சொன்னார். மினோரு ஆடட்டும், தூண்டில் போடட்டும், மீன் பிடிக்கட்டும். மிட்டாயை மட்டும் ஐஸ் கிடங்கு ஆட்கள் இரண்டு பேர் மேடையின் இரு பக்கமும் நின்று வீசுவார்கள். அவன் கூடை காலியாக இருக்கும்.

ஷிகெனோ உடனே தலையாட்டினாள். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னாள்: "இத அவன்கிட்ட சொல்லாத. சொன்னா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டான். அன்னைக்குப் பாத்துக்கலாம்."

சொல்லியிருக்க வேண்டும். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை மதியம். மழை விட்டிருந்தது. கோயில் முற்றத்தில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. முள்ளங்கியும் மீன் உருண்டையும் கொதிக்கும் ஓதென் பாத்திரத்தைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள். சிக்காகோ காலையிலேயே வந்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதிலும் திருத்தமானவள். மடியில் கைப்பை, அதில் காகிதங்கள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஃபுமியே அத்தை, எல்லாரும் அண்ணனப் பாத்துச் சிரிக்கப் போறாங்க. நீங்களாவது அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்."

"சிரிக்கட்டுமே. எபிசு சிரிக்க வைக்கிற சாமிதான," என்றேன்.

மினோரு வந்தான். முகமூடி போட்டதும் அவன் மினோருவாகவே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் சரியாக இருந்தது. பாறையில் உட்கார்ந்து தூண்டிலை வீசியபோது கன்பே சொன்ன அந்தத் தோள் இறங்கியது. முற்றத்தில் பேச்சு நின்றது. "யாருப்பா உள்ள?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். சிக்காகோ வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவன் கூடைக்குள் கையை விட்டான்.

கை துழாவியது. வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து இரு பக்கமிருந்தும் பிடி பிடியாக மிட்டாய் பறந்தது. கூட்டம் வழக்கம்போல எழுந்து முண்டியது. குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தவர்கள், ஏப்ரனை ஏந்தியவர்கள், ஒருத்தர் கையை ஒருத்தர் மிதித்தவர்கள். சாமி கூடைக்குள் கையை விட்டபடியே நின்றது. முகமூடி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. ஷிகெனோவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மினோரு தூண்டிலைப் பாறைமேல் வைத்தான். மேடை விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கீழே இறங்கினான்.

ககுரா மேடையை விட்டு எபிசு இறங்கி நான் பார்த்ததில்லை. என் அம்மாவும் பார்த்திருக்க மாட்டாள்.

"அம்மா, நான் சொன்னேன்ல," என்று சிக்காகோ எழுந்தாள். ஷிகெனோ அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காருடி. அவன் வேலைய அவன் பாக்கறான்."

மினோரு முதல் வரிசையில் ஏலக்காரர் மனைவி சதாகோ முன்னால் போய் நின்றான். அவள் ஏப்ரனைக் குனிந்து பார்த்தான். முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏலக்கார வீடு. சதாகோ. ஏழு இருக்கு. ஆறு குடு."

சதாகோ ஊரிலேயே பெரிய வாய்க்காரி. அந்தச் சிரித்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக ஆறு மிட்டாயைக் கூடையில் போட்டாள்.

"எம்பேரு சாமிக்குத் தெரியுதுடி!" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

அவ்வளவுதான். முற்றம் வெடித்துச் சிரித்தது. சிக்காகோ பயந்த சிரிப்பு அது இல்லை. மினோரு அடுத்த ஆளிடம் போனான். "ஹொயே படகு. கிசாபுரோ. மூணு. ரெண்டு குடு." கிசாபுரோ ஒன்றைச் சட்டைப்பையில் ஒளித்துவைக்கப் பார்க்க, அவர் பேத்தியே காட்டிக்கொடுத்தாள். கையில் ஒன்றும் கிடைக்காதவர்கள் எல்லாம் "சாமி, எனக்கு இல்ல, எனக்கு இல்ல" என்று கையைத் தூக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தபோது நின்று, "எந்த வீடு?" என்று கேட்டுப் பெயரை வாங்கிக்கொண்டபிறகுதான் கொடுத்தான்.

நாகாமி? எங்கள் ஊரில் சாமியின் முகமூடி முகத்தில் இருக்கும்வரை மேளம் நிற்கக் கூடாது. நின்றால் இறங்கிய சாமி திரும்பிப் போக வழி தெரியாமல் நிற்கும் என்பார்கள். அதனால் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். கால் மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. குழல்காரர் இரண்டு பேரும் மாறி மாறி ஊதினார்கள். நாகாமியின் தலைத்துண்டு நனைந்து வியர்வை தாடையில் சொட்டியது. கன்பே குச்சிகளோடு பக்கத்தில் போய்க் குனிந்தார். நாகாமி தலையை ஆட்டி விரட்டிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். அந்த மனிதரை நான் வாழ்நாளில் அன்றைக்குத்தான் மதித்தேன்.

கடைசியில் எங்கள் பாய்க்கு வந்தான். எனக்கு ஒன்று, யோஷினோவுக்கு ஒன்று. அம்மாவின் வீங்கிய கையை விரித்து ஒன்று வைத்தான். சிக்காகோவின் முன்னால் நின்றான். "குரிசாக்கி வீடு. சிக்காகோ. ஒண்ணு." அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மினோரு மேடை ஏறினான். குழுவினருக்கு ஆளுக்கு ஒன்று. நாகாமியின் இரண்டு கையும் மேளத்தில் இருந்ததால், காகிதத்தைப் பிரித்து, "ஐஸ் கிடங்கு. நாகாமி இசாவோ. ஒண்ணு" என்று வாயில் போட்டான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நாகாமி கன்னம் புடைக்க மேளத்தை வேகம் பிடித்தார். மினோரு பாறையில் உட்கார்ந்து தூண்டிலை எடுத்தான். விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்ந்து, சிவப்புச் சங்கராவைப் பிடித்துத் தூக்கினான்.

ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அடுத்து வரும் பாம்பு ஆட்டம் தொடங்குவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் கோபப்படவில்லை.

நாங்கள் பாயில் உட்கார்ந்து ஓதென் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாகாமி வந்தார். இரண்டு தோளிலும் துணியில் சுற்றிய ஐஸ். ஷிகெனோ எழுந்து குனிந்து வணங்கி, "அண்ணே, மன்னிச்சுக்கணும்" என்று ஆரம்பித்தாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அடுத்த வருஷப் பயிற்சி ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை ஆரம்பம். அவன ஆறு மணிக்கெல்லாம் அனுப்பிடு, லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது."

"எபிசுவுக்கா அண்ணே?"

"வேற எதுக்கு? ஹிரோத்தா கால் சரியானா மேளத்துக்கு உக்காரட்டும். இத இனிமே ஒத்த ஆளா அடிக்க முடியாது." போகிறவர் திரும்பி மினோருவைப் பார்த்தார். "டேய், எனக்கு ஆரஞ்சு பிடிக்காது. அடுத்த தடவ திராட்சை."

"ஆளுக்கு எது வருதோ அது," என்றான் மினோரு, முள்ளங்கித் துண்டை ஊதியபடியே.

நாகாமி போனபிறகு ஷிகெனோ மகளைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்ற சொல் வாய் வரை வந்திருக்கும், விழுங்கிக்கொண்டாள். சிக்காகோ கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. அண்ணனிடமே கேட்டாள்.

"அண்ணா, ஹிரோஷிமாவுக்கு எங்கூட வர்றியா? நான் பக்கத்துலயே இருப்பேன்."

மினோரு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அங்க யாரு யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன். உன் மச்சான், பிள்ளைங்க ரெண்டு பேரு."

"அப்புறம்?"

"அப்புறம்... நிறைய பேர் இருக்காங்கண்ணா. பெரிய ஊரு."

"பக்கத்து வீட்ல யாரு?"

சிக்காகோ யோசித்தாள். பன்னிரண்டு வருஷமாக அதே மாடியில் குடியிருக்கிறாள்.

"ஒரு அம்மா இருக்காங்க. பேரு... தெரியலண்ணா."

"மேல் வீட்ல?"

"தெரியாது."

மினோரு தங்கையைப் பார்த்தான். அவன் முகத்தில் அவ்வளவு இரக்கத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. அவள் கையை எடுத்துத் தன் முட்டியின்மேல் வைத்துக்கொண்டான்.

"பாவம் நீ," என்றான். "இங்க வந்துடு. இங்க எல்லாருக்கும் உன் பேரு தெரியும்."